செல்வத்தின் பெட்டிக்கு எர்த் வைத்தது

1946

அக்டோபர் 12, சனி

விடிந்ததிலிருந்து தூறல். ரேஷன் கடையில் வரிசை தெருமுனை வரை. அரிசியில் பாதி குருணை, மீதி கல். நனைந்துகொண்டே திரும்பினால் வாசலில் குதிரை வண்டி. பெட்டி வந்துவிட்டது.

யுத்தம் தொடங்கியபோது போலீஸ் வந்து எடுத்துப்போன பெட்டி. தம்பி செல்வத்தின் வயர்லெஸ். காலேஜில் படிக்கும்போது அவன் கையாலேயே கட்டியது. வருவதைக் கேட்கலாம், இங்கிருந்து அனுப்பவும் அனுப்பலாம். முறையாக லைசென்ஸ் எடுத்துத்தான் வைத்திருந்தான். கொழும்பில் ஒருவரோடு தினமும், ஒரே ஒரு முறை ஆஸ்திரேலியாவோடு, தந்தி பாஷையில். சண்டை வந்ததும் ஊரில் இருந்த இப்படிப்பட்ட பெட்டிகளையெல்லாம் சர்க்கார் வாங்கிப் பூட்டி வைத்தது. பெட்டி போனபின் அவனும் போனான், பட்டாளத்து சிக்னல் பிரிவுக்கு. சிங்கப்பூர் விழுந்தபிறகு 'காணவில்லை' என்று ஒரு தந்தி. அவ்வளவுதான். சிறைப்பட்டவர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்தார்கள். அவன் வரவில்லை. கேட்டு எழுதினால், 'தகவல் இல்லை.'

அப்பா கையெழுத்துப் போட்டுப் பெட்டியை வாங்கினார். திறக்கவில்லை. திண்டில் சாய்ந்து பேப்பரை எடுத்துக்கொண்டார்.

அம்மாவுக்குத்தான் முகமெல்லாம் வெளிச்சம். "சாமான் முன்னால வந்துடுச்சு. அவன் பின்னாலயே வருவான் பாரு."

அரிசி பொறுக்கினேன். கொடியில் துணி காயவே இல்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

காலைப் பூசை. சாமியார் பிரசங்கம் நீளம். குடையைக் கோவிலிலேயே விட்டுவிட்டுத் திரும்ப ஓடினேன்.

மத்தியானம் பெட்டியைத் திறந்தோம், அம்மாவும் நானும். உள்ளே:

செட், மரச்சட்டத்தில். முகப்பில் வெள்ளைப் பெயிண்டில் அவனுடைய அழைப்புக் குறி, லைசென்ஸோடு கொடுத்த எழுத்துகள். அழியவில்லை.
கரண்ட் கொடுக்கும் பாகம் தனியே. இரும்பு டிரான்ஸ்ஃபார்மர், துருப்பிடித்து. அதன் மேலும் அதே குறி.
வால்வுகள், பழைய பனியனில் சுற்றி. ஒன்று உடைசல்.
தந்தி அடிக்கும் கீ.
செத்த பல்லி.

பனியன் அவனுடையது. அம்மா அதை எடுத்து மோந்து பார்த்தாள். "கரப்பான் நாத்தம்தான் அடிக்குது," என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு அதைத் துவைத்து அவன் அறையிலேயே காயப்போட்டாள். செட்டை ஈரத்துணியால் துடைக்கப் போனவளைத் தடுத்து உலர்ந்த துணி கொடுத்தேன்.

"அவன் வர்றதுக்குள்ள இத ஓட வச்சிடு, பிலோமி."

"எனக்கு என்னம்மா தெரியும்?"

"பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்குக் கரண்ட் பாடம் நீதானே எடுக்கிற?"

அக்டோபர் 15, செவ்வாய்

மழை விட்டது. புழுக்கம்.

ஒன்பதாம் வகுப்பு: காந்தம். தலைமை சிஸ்டர் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போனார். ஒன்றும் சொல்லவில்லை.

மாலை, அம்மாவின் நச்சரிப்புத் தாங்காமல், கரண்ட் பாகத்தை மட்டும் சுவரில் செருகினேன். முட்டாள்தனம். டப்பென்று ஒரு சத்தம், ரப்பர் கருகும் நாற்றம், வீடு முழுக்க இருட்டு. ஒயரைத் தொட்டுப் பார்த்தால் மேலே சுற்றிய ரப்பர் பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. உள்ளே ஃப்யூஸும் இல்லை, எர்த்தும் இல்லை. பத்தொன்பது வயதில் கட்டினவனுக்கு என்ன பயம் இருந்திருக்கும்.

அப்பா வந்து வீட்டு ஃப்யூஸைப் போட்டார். என்னிடம் பேசவில்லை. செல்வத்தின் அறை வாசலைத் தாண்டும்போது தலையைத் திருப்பிக்கொண்டு போகிறார். முப்பது வருடம் தந்தி ஆபீசில் இருந்தவர். யார் யாருக்கோ வந்த சாவுச் செய்திகளைக் கையால் எழுதிக் கொடுத்தவர். எங்களுக்கு வந்த தந்தி, ஆபீசிலிருந்து ஆள் கொண்டுவருவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்ததாம். அம்மா சொல்வாள்.

அக்டோபர் 16, புதன்

பள்ளி விட்டதும் பஸ். தி. நகரில் பார்க் பக்கம் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை. கரண்ட் பாகத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன், தோள் இற்றுவிட்டது.

கடையில் ஒல்லியாக ஒருவர். வயது முப்பதுக்குள் இருக்கும். முன்பல் இரண்டு இல்லை.

"உங்க தெருல ஏஸியா டிஸியாம்மா?"

"ஏஸி."

"அப்ப டிரான்ஸ்ஃபார்மர் பொழைக்கும். காட்டுங்க."

பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். திருப்பினார். அழைப்புக் குறியைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. விரலால் அந்த எழுத்துகளைத் தடவினார். அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"செல்வம் அண்ணனுதா இது?"

தலையை ஆட்டினேன்.

"நீங்க டீச்சரக்கா. பிலோமி அக்கா. இந்தக் குறியத்தான் அவரு எப்பப் பாத்தாலும் தட்டிக்கினே இருப்பாரு. தட்டுல, சுவத்துல, என் முதுகுல." கொஞ்சம் நிறுத்தி, "நானு கடைசி வரைக்கும் அவரோட இருந்தேன்க்கா" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது போல. வாயை மூடிக்கொண்டார். கடையில் வேறு ஆட்கள் நின்றார்கள். ஒரு பெரியவர் தன் ரேடியோ எப்போது கிடைக்கும் என்று கத்திக்கொண்டிருந்தார்.

"எப்போ?" என்று கேட்டேன்.

"இங்க வச்சு வாணாம்க்கா. ஞாயித்துக்கிழமை வூட்டுக்கு வரேன். இத சரி பண்ணி எடுத்துக்கினு வரேன்."

பெயர் துரைராஜ். வீடு மேற்கு மாம்பலம். ஊர் திரும்பி ஏழெட்டு மாதமாகிறது. எங்கள் தெரு வரை இரண்டு முறை வந்து திரும்பிப் போயிருக்கிறார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. லஸ்ஸில் இறங்க மறந்து அடுத்ததில் இறங்கி நடந்தேன். வீட்டில் அம்மா: "என்னடி, ஆள் கிடைச்சானா?"

"கிடைச்சார். ஞாயித்துக்கிழமை வர்றாராம்."

"நல்லவனா?"

"நல்லவர்தான்."

அக்டோபர் 18, வெள்ளி

வெயில். ஊறுகாய் ஜாடி மொட்டை மாடியில்.

வகுப்பில் கரும்பலகையில் ஒரே வாக்கியத்தை இரண்டு முறை எழுதியிருக்கிறேன். ஒரு பெண் எழுந்து சொன்னாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

'கடைசி வரைக்கும்.' அதற்கு வேறு அர்த்தம் இருக்கிறதா என்று இரண்டு நாளாக யோசனை. கைதி முகாம் கலைந்த கடைசி நாள் வரை என்றும் இருக்கலாம். அப்படியானால் அவர் சட்டென்று வாயை மூடியிருக்க மாட்டார்.

அம்மா செல்வத்தின் கட்டிலுக்குப் புது மெத்தை உறை தைக்கிறாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

வானம் மூட்டம், மழை இல்லை.

துரைராஜ் (இனி து.) பூசை முடிந்து நாங்கள் வருவதற்கு முன்பே வாசலில். கையில் டிரான்ஸ்ஃபார்மர், தோளில் ஒரு சுருள் ஒயர், கக்கத்தில் செம்புக் குழாய். அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். நிமிரவே இல்லை. ரேடியோக்காரர் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன்.

செட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மொதல்ல எர்த் வைக்கணும்க்கா. இரும்புப் பொட்டில எங்கனா கரண்ட் கசிஞ்சா அது மண்ணுக்குப் போவணும். மண்ணுக்குப் போவ வழி இல்லன்னா தொடுறவங்க மேலதான் போவும்."

கிணற்றடியில் இடம் பார்த்தோம். நம் பக்கம் கடல் மணல், காய்ந்தால் எர்த் நிற்காதாம். எப்போதும் ஈரம் இருக்கும் இடம் வேண்டும். துணி துவைக்கும் கல்லுக்கு அந்தப்பக்கம். அம்மா அடுப்படியில். அவர் குழி வெட்டினார். நான் ஈரம் நிற்கக் கரியும் உப்பும் எடுத்துவந்து பக்கத்தில் நின்றேன்.

"இப்ப சொல்லுங்க," என்றேன்.

வெட்டிக்கொண்டே சொன்னார். முகத்தைப் பார்க்காமல் சொல்ல அதுதான் வசதி.

"சிங்கப்பூர்லேர்ந்து ஜப்பான்காரங்க கப்பல்ல ஏத்திக்கினு போய் ஒரு தீவுல வுட்டாங்கக்கா. பிளேன் எறங்க மைதானம் போடுற வேல. சோறு கொஞ்சம்தான். கால் வீங்கும். எல்லாருக்கும் வீங்கிச்சி, அவருக்கும் வீங்கிச்சி. அப்பால ஜொரம். மருந்து இல்ல. ரெண்டாவது வருசம் மழைல. மத்தியானம். நா வேலைலேர்ந்து வந்தேன், என்னைப் பாத்தாரு, பேசனாரு. சாயங்காலம் போய்ட்டாரு."

"என்ன பேசினான்?"

"தந்தி அடிக்கிறதுல அப்பாவ யாரும் மிஞ்ச முடியாதுன்னாரு. இன்னாத்துக்கோ அந்தப் பேச்சு வந்தது. அவ்ளோதான்க்கா. பெரிசா ஒண்ணும் சொல்லல."

திரும்பினேன். அப்பா பின்வாசலில் நின்றிருந்தார், கையில் சொம்போடு. எவ்வளவு நேரமாக என்று தெரியாது. சொம்பைக் கல்லின்மேல் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து து. கையிலிருந்து கடப்பாரையை வாங்கினார். குழியில் இறங்கி வெட்ட ஆரம்பித்தார்.

வெட்டிக்கொண்டே இருந்தார். தண்ணீர் ஊறி வந்தது.

"போதும் நைனா. எர்த்துக்கு இவ்ளோ ஆழம் வாணாம்."

அப்பா நிறுத்தவில்லை. து. என்னைப் பார்த்தார்.

பிறகு குழாயை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி மூடினோம். அப்பா குழாயில் செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டினார். தந்தி ஆபீஸ் முடிச்சு. "அவகிட்ட இப்ப சொல்லாத," என்றார் என்னிடம். இந்த வாரம் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

மத்தியானம் அம்மா து.வுக்கு வஞ்சிரக் குழம்பு ஊற்றினாள். "நல்லா சாப்பிடு. என் புள்ளையும் இப்படித்தான், ஒல்லியா இருப்பான்." அவர் குனிந்த தலை நிமிராமல் எல்லாவற்றையும் சாப்பிட்டார்.

அக்டோபர் 22, செவ்வாய்

மழை, காற்று. பள்ளிக்கு நனைந்து போனது.

து. கடை மூடியதும் நேரே வந்துவிடுகிறார். அப்பா இப்போது அறைக்குள் வருகிறார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஈயப்பற்று வைக்கிறார். கை நடுங்கவில்லை. பழைய ரப்பர் ஒயர் எல்லாம் வெளியே. புதுசு ஒவ்வொன்றாக உள்ளே. இரண்டு கம்பியிலும் ஃப்யூஸ்.

ஏரியல் கம்பி மாடியிலிருந்து பின்வீட்டுத் தென்னை வரை. கீழே ஒரு கத்தி சுவிட்ச்: வேலை இல்லாத நேரத்தில் ஏரியலை எர்த்தோடு சேர்த்துவிட வேண்டும். ஐப்பசி இடி எந்த வீடு என்று பார்க்காது என்றார் து.

அவர் எனக்குச் சொன்னது: உள்ளே கை வைக்கும்போது ஒரே கை. இன்னொரு கை பாக்கெட்டில். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயும்.

"புடவையில ஏது பாக்கெட்?"

"அப்ப முதுகுக்குப் பின்னால கட்டிக்கோங்க, பெஞ்சு மேல நிக்க வச்ச பசங்க மாதிரி."

சிரித்துவிட்டேன். உடனே அடங்கியது. அப்பாவும் சிரித்தார் என்று நினைக்கிறேன், குனிந்திருந்தார்.

அடுப்படியிலிருந்து அம்மா: "இந்த வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு!" காப்பி கொண்டு வந்தாள். அவள் சந்தோஷமாக இருப்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான்.

அக்டோபர் 24, வியாழன்

தீபாவளி லீவு. தெருவெல்லாம் வெடிச் சத்தம், கந்தகப் புகை. எதிர்வீட்டிலிருந்து லட்டு, முறுக்கு வந்தது.

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

காலையில் கரண்ட் பாகத்துக்கு முதல் சோதனை. நேராகச் செருகவில்லை. நடுவில் ஒரு பல்பைத் தொடராகக் கோத்து. உள்ளே கோளாறு இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து காட்டிக்கொடுக்கும், செட் பிழைக்கும். பல்பு மங்கலாகத்தான் எரிந்தது. நல்லது. து. மீட்டரை வைத்துப் பார்த்தார். ஐந்நூறு வோல்ட்டுக்குப் பக்கம்.

அப்போதே திரும்பத் திரும்பச் சொன்னார்: "ப்ளக்கப் புடுங்கிட்டா முடிஞ்சிதுன்னு நெனைக்காதீங்க. கண்டென்சர் உள்ள கரண்ட்ட புடிச்சி வச்சிக்கினு இருக்கும். தானா எறங்கறதுக்கு ஒரு பெரிய ரெசிஸ்டன்ஸ் போடணும், அது இன்னும் கெடைக்கல. அதுவரைக்கும் இந்தக் குச்சியால எறக்கினப்பறம்தான் கை." மரக்குச்சி, நுனியில் செம்புக் கொக்கி, அதிலிருந்து எர்த்துக்கு ஒயர். அவரே செய்தது. முதல் தடவை அதால் தொட்டதும் படாரென்று நீலப்பொறி. வெளியே வெடித்த வெடியை விடப் பெரிய சத்தம்.

இரண்டாவது சோதனையும் முடிந்தது. ப்ளக்கை நான்தான் பிடுங்கினேன். அம்மா சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள் என்று து.வும் அப்பாவும் கை கழுவக் கிணற்றடிக்குப் போனார்கள். குச்சி ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்திருந்தது. அதை எடுக்க நாலடி நடந்தேன். அந்த நேரத்தில் அம்மா உள்ளே வந்திருக்கிறாள். தினம் துடைப்பது போல, கையில் துணியோடு.

அடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். திரும்பினால் அம்மா கட்டில் காலில் மோதிக் கிடக்கிறாள். கண் திறந்திருக்கிறது. மூச்சு இல்லை போலத் தெரிந்தது. இருந்தது. நான் கத்தியிருக்கிறேன்.

அப்பா ஓடிவந்து தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினாள். வலது கை விரல்கள் இரண்டு வெந்து வெள்ளையாக. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்றாள். "பெட்டிக்கு ஒண்ணும் ஆகலயே? அவன் வந்து கேட்டா..."

அப்பா கத்தினார். அவர் இப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

"செத்துப் போனவனோட பெட்டிக்காக நீயும் சாகணுமாடி?"

வெளியே சரவெடி வெடித்து ஓய்ந்தது.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னை. பிறகு வாசலில் ஈரக்கையோடு நின்ற து.வை. அவரைத்தான் நெடுநேரம் பார்த்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தெருக்கோடி டாக்டர் வந்தார். நெஞ்சு சரியாக அடிக்கிறது, ஓய்வு வேண்டும் என்றார். விரல்களுக்கு மருந்துக் கட்டு. து. போகும்போது கண்டென்சரைக் குச்சியால் இறக்கி, ஒயரைக் கழற்றி, அறையைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

நாலடி. குச்சியை முதலில் கையில் எடுத்துக்கொண்டு ப்ளக்கைப் பிடுங்கியிருந்தால்.

அக்டோபர் 25, வெள்ளி

பள்ளிக்குப் போகவில்லை. அம்மா சுவரைப் பார்த்தபடி. கஞ்சி இரண்டு வாய். செபமாலையை இடது கையில் வைத்திருக்கிறாள், உருட்டவில்லை.

மெத்தை உறையை மடித்துத் துணிப்பெட்டியில் வைத்தேன். பாதி தைத்தது.

சாயங்காலம்தான் ஒரு வார்த்தை: "அந்தப் புள்ளைய வரச் சொல்லு."

அக்டோபர் 26, சனி

விட்டு விட்டு மழை. பால்காரன் வரவில்லை.

து. வந்தார். அம்மா எழுந்து உட்கார்ந்து முடியை ஒதுக்கிக்கொண்டாள். அவரைக் கட்டிலருகே தரையில் உட்காரச் சொன்னாள். அப்பா ஜன்னலோரம். நான் கதவருகே.

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. ஒண்ணையும் விடாத."

சொன்னார். கிணற்றடியில் சொன்னதை விட அதிகமாக. வீங்கின கால், சுரம், மழை எல்லாம். அம்மா அழவில்லை. கேள்வி கேட்டாள்.

"தலைமாட்டுல யார் இருந்தா?"

"நானுதாம்மா. தலைய மடில வச்சிக்கினு."

"செபம் யாராவது சொன்னாங்களா?"

"சாமியார் யாரும் கெடையாதும்மா அங்க. அண்ணனே சொல்லிக்கினு இருந்தாரு. பிரியதத்தம்னு சொல்வீங்களே, மாதா செபம், அது. அவருக்குக் கொரலு நின்னப்பறம் நானு சொன்னேன். தெனம் கேட்டுக் கேட்டு எனக்கும் வரும். தப்புத் தப்பா வரும்."

"இப்ப சொல்லு."

அவர் சொன்னார். பாதி வார்த்தைகள் உடைந்து, இடம் மாறி. 'மரண நேரத்திலும்' என்ற இடத்தில் அவரால் முடியவில்லை. அம்மா அதை எடுத்து முடித்து வைத்தாள். ஆமென் அப்பா சொன்னார்.

"எங்க வச்சீங்க?"

"தென்னந்தோப்புலம்மா. நானும் இன்னும் ரெண்டு பேரும். ஆழமாத்தான் வெட்டினோம். சிலுவ நட்டேன், கட்டையால."

"இருக்குமா இப்ப?"

து. யோசித்தார். பொய் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். "தெரியாதும்மா. அங்க மழை ஜாஸ்தி."

அம்மா கட்டுப் போட்ட கையை அவர் தலைமேல் வைத்தாள். அப்போதுதான் அழுதாள். நாங்கள் எல்லோரும்தான்.

அவர் கிளம்பும்போது கூப்பிட்டாள். "அந்த வேலைய முடிச்சுடு."

"வாணாம்மா. கழட்டிடுறேன். நீங்க பட்டதே போதும்."

"அரைகுறையா விட்டா இன்னொருத்தரை அடிக்கும். என் புள்ள கட்டினது அது. யாரையும் அடிக்கக் கூடாது. முடிச்சுடு."

அக்டோபர் 29, செவ்வாய்

பள்ளி. தலைமை சிஸ்டரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மாதக் கணக்கில் பேசாத ஹிந்தி டீச்சர் டிபன் டப்பாவிலிருந்து இட்லி எடுத்து வைத்தார்.

து.வுக்கு மூர் மார்க்கெட்டில் பட்டாளத்துச் சாமான் குவியலில் அந்த ரெசிஸ்டன்ஸ் கிடைத்துவிட்டது. விரல் கனம், பச்சை நிறம். கண்டென்சருக்குக் குறுக்கே. கரண்டை நிறுத்தியதும் மீட்டர் முள் மெதுவாக இறங்கிப் பூச்சியத்தில் படுத்தது. பலமுறை பார்த்தோம். இருந்தாலும் குச்சியும் வேண்டும் என்றார். ரெசிஸ்டன்ஸும் ஒருநாள் அறுந்துபோகலாம்.

கரண்ட் பாகத்துக்கு ஜல்லடைத் தகட்டில் மூடி, மூடியும் எர்த்தில். மூடியைத் திறந்தால் கரண்ட் தானே அறுகிற மாதிரி ஒரு சுவிட்ச், அப்பா செய்தது. தரையில் மரப்பலகை, அதன்மேல் ரப்பர் விரிப்பு. குச்சிக்குச் செட்டின் பக்கத்திலேயே ஒரு ஆணி. ஆணியை நான் அடித்தேன்.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை. ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டாள். து. ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அக்டோபர் 31, வியாழன்

அடைமழை. வீட்டில் எல்லோருக்கும் சளி. அப்பா எழுந்து போய் ஏரியல் சுவிட்சை எர்த்துப் பக்கம் போட்டாரா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்தார்.

நவம்பர் 1, வெள்ளி

சகல அர்ச்சிஷ்டவர்கள் திருநாள், புனிதர்கள் எல்லோருக்குமானது. பூசைக்கு அம்மாவும் வந்தாள், வெளியே வந்தது அன்றைக்குப் பிறகு முதல் முறை. கறுப்புப் புடவை. கோவிலில் பார்த்தவர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. வரிசையாக வந்து கையைப் பிடித்தார்கள். அவள் எல்லோருக்கும் ஒரே பதில்: "ஆமா. ஜொரம். ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சாம்."

மாலை வானம் வெளுத்தது. செட்டை ஓட்டிப் பார்த்தோம்.

லைசென்ஸ் அவன் பெயரில் இருந்தது. அவன் இல்லை. ஆகவே காற்றில் அனுப்பக்கூடாது. ஏரியலுக்குப் பதில் ஒரு பல்பைக் கோத்தார் து. அனுப்புவது எல்லாம் அந்தப் பல்போடு நின்றுவிடும். வால்வுகள் சிவந்து வந்தன. கருகல் இல்லை. பெட்டியைத் தொட்டேன், ஒரு கை முதுகுக்குப் பின்னால். ஒன்றுமில்லை. குளிர்ந்த இரும்பு.

து. கீயை அப்பா முன்னால் தள்ளினார். "நீங்கதான் நைனா."

அப்பா ரிடையரான பிறகு கீயைத் தொட்டதில்லை. விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார். தட்டினார். பல்பு எரிந்து அணைந்தது. நீளம், குட்டை. முதலில் தடுமாற்றம். அப்புறம் அந்த வேகம். து. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அண்ணன் சொன்னது நெசம்தான்," என்றார்.

வாசற்படியிலிருந்து அம்மா: "என்ன அடிச்சீங்க?"

"அவன் பேரு."

"அது போய்ச் சேருமா?"

து.தான் சொன்னார். "போவாதும்மா. இந்தப் பல்போட நின்னுடும்."

அம்மா எழுந்து உள்ளே வந்தாள். ரப்பர் விரிப்பின்மேல் நின்றாள். "இன்னொரு தரம் அடிங்க," என்றாள்.

அப்பா அடித்தார்.

நவம்பர் 2, சனி

சகல ஆத்துமாக்கள் திருநாள். இருட்டோடு பூசை. மரித்தவர்கள் பெயரைச் சாமியார் வாசிக்கையில் அவன் ஞானஸ்நானப் பெயர் முழுசாக. அந்தோணி செல்வம். அம்மாவே நேற்று போய்க் கொடுத்திருக்கிறாள், எங்களிடம் சொல்லவில்லை.

பிறகு கல்லறைத் தோட்டத்துக்கு, ராஜா அண்ணாமலைபுரம் போகும் வழியில். சேறு. பூ விற்கிறவர்கள், மெழுகுவர்த்தி விற்கிறவர்கள், பிச்சைக்காரர்கள். து. வாசலில் காத்திருந்தார், வெள்ளைச் சட்டை போட்டு. அவரை நாங்கள் வரச் சொல்லவில்லை.

எல்லோரும் தங்கள் தங்கள் கல்லறைக்குப் போய் மண்டியிட்டார்கள். தாத்தா கல்லறையில் நாங்களும். அது முடிந்தபின் அம்மா கையில் ஒரு மெழுகுவர்த்தி மிச்சம். செல்வத்துக்கு வாங்கியது. அதை வைக்க இடமில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இங்கயே வையேன், தாத்தா பக்கத்துல," என்றேன்.

இல்லையென்று தலையசைத்தாள். சுவர் ஓரமாக நடந்தாள். நாங்கள் பின்னால். மூலையில் புல் மண்டிய மேடு ஒன்று. மரச்சிலுவை சாய்ந்து, பெயர் அழிந்து. பூ இல்லை, ஆள் இல்லை. அம்மா புல்லை இடது கையால் பிடுங்கினாள். து. சிலுவையை நிமிர்த்தி மண்ணை மிதித்தார்.

"யாரோ, எவர் பெத்த புள்ளையோ," என்றாள் அம்மா. "இங்க நான் வைக்கிறேன். அங்க அவனுக்கு எவளாவது வைக்கட்டும்."

கட்டுப் போட்ட கையால் தீக்குச்சி கிழிக்க வரவில்லை. நான் கிழித்தேன். காற்றில் சுடர் நிற்கவில்லை. அப்பா சேற்றில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அதை மறைத்துக்கொண்டார். தூறல் போட்டது. து. குடையை விரித்து அவர் மேலும் மெழுகுவர்த்தி மேலும் பிடித்தார். அடி வரை எரிந்து முடியும் மட்டும் நின்றோம்.